"இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா?": உளவியலாளரைத் தேடுவது குறித்து

(ஆய்வு மாணவர்களின் வாசிப்பு வட்டக் கூட்டமொன்றில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தூக்கம் வரவில்லை, நூலகத்துக்குப் போகப் பிடிக்கவில்லை, வழிகாட்டியிடமிருந்து போன் வந்தாலே கை நடுங்குகிறது. இப்படிச் சொல்லும் தம்பி தங்கைகள் அடுத்துக் கேட்பது ஒன்றுதான்: "அக்கா, நல்ல டாக்டர் யாராச்சும் தெரியுமா?" அந்தக் கேள்விக்குத்தான் இன்று பதில் சொல்லப் போகிறேன்.

முதலில் யார் யார் என்று பிரித்துக்கொள்வோம். மனநல மருத்துவர், எம்.பி.பி.எஸ். முடித்து அதன்மேல் மனநல மருத்துவம் படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர், பேச்சுவழிச் சிகிச்சையும் உளவியல் பரிசோதனையும் செய்பவர். 1992ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில், அதாவது ஆர்.சி.ஐ.யில், பதிவு செய்திருக்க வேண்டும். நாம் 'லைசென்ஸ்' என்று சொல்வது இந்தப் பதிவைத்தான். மூன்றாமவர் 'கவுன்சிலர்'. இந்தச் சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதி மாட்டிக்கொள்ளும் நிலைதான் இன்றும். நல்ல ஆலோசகர்கள் இருக்கிறார்கள். சில வாரச் சான்றிதழ் வகுப்போடு வந்து உட்கார்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆகவே, பதிவு எண் என்ன, எங்கே பயிற்சி எடுத்தீர்கள் என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. கேட்டதற்கே முகம் சுளிப்பவரிடம் மனதைத் திறந்து என்ன பேசிவிட முடியும்?

அடுத்தது காசு. தனியார் கட்டணம், மாதக்கணக்கில் தாமதமாக வரும் உதவித்தொகையில் வாழ்பவருக்குக் கட்டுப்படியாகாது. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு, ஓ.பி. சீட்டு போட்டால் பார்க்கலாம். மாவட்ட மனநலத் திட்டமும் இருக்கிறது. போகத் தயக்கமாக இருந்தால் 14416 என்ற டெலிமானஸ் எண்ணுக்கு அழையுங்கள். இரவு பகல் எந்நேரமும் இலவசமாகத் தமிழில் பேசலாம். 1794இல் தொடங்கிய கீழ்ப்பாக்கம் மருத்துவமனையின் பெயரை நம் சினிமா வசைச்சொல்லாக்கி வைத்திருக்கிறது. அந்தக் கேலிக்குப் பயந்து வீட்டிலேயே கிடக்காதீர்கள்.

பதிவு எண் சரியாக இருந்தால் போதுமா? போதாது. நான் முனைவர் பட்டத்தின் இரண்டாம் ஆண்டில் ஓர் உளவியலாளரிடம் போனேன். துறையில் என்னை எப்படி ஒதுக்குகிறார்கள் என்று விவரமாகச் சொன்னேன். அவர், "இப்பல்லாம் யாருங்க சாதி பாக்குறா? நீங்க கொஞ்சம் சென்சிட்டிவ்" என்றார். அந்த வாக்கியத்தை நான் துறையிலேயே பலமுறை கேட்டிருக்கிறேன். அதைக் காசு கொடுத்து இன்னொரு முறை கேட்க வேண்டியதில்லை என்று வேறொருவரைத் தேடிப் போனேன். அவர் நான் சொன்னதை எழுதிக்கொண்டு, "இது நடந்தப்போ உங்ககூட யார் இருந்தா?" என்று கேட்டார். எனக்கான சிகிச்சை அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

எனவே முதல் சந்திப்பிலேயே நேராகக் கேளுங்கள்: "சாதியால் பாதிக்கப்பட்டவர்களோடு வேலை செய்திருக்கிறீர்களா?" இல்லை, ஆனால் தெரிந்துகொள்ள விரும்புகிறேன் என்பவரிடம் தொடரலாம். சாதியே இல்லை என்பவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். முழுப்பெயர், ஊர், தெரு என்று சுற்றி வளைத்து உங்கள் சாதியைத் தோண்டுபவரிடமும் அப்படியே. 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநலச் சேவை பெறுவதை உரிமை என்கிறது. நீங்கள் சொன்னது வெளியே போகாமல் காக்கப்படுவதும் அதே சட்டம் தரும் உரிமை. கல்லூரி ஆலோசகரிடம் சொல்வது துறைத்தலைவர் காதுக்குப் போகுமா என்ற பயம் நியாயமானது. பேசத் தொடங்கும் முன்பே அதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சாதிக் கொடுமை என்று புகார் கொடுத்தால், விசாரணைக்குப் பதிலாகக் கவுன்சிலிங்குக்கு அனுப்பும் வழக்கம் நிறுவனங்களில் இருக்கிறது. கோளாறு உன் மனதில் என்று சொல்லும் தந்திரம் அது. ரோஹித் வெமுலாவின் உதவித்தொகையை நிறுத்தி, விடுதியிலிருந்தும் வெளியேற்றினார்கள். 2016 ஜனவரியில் அவரை இழந்தோம். அவருக்குத் தேவைப்பட்டது கவுன்சிலிங் மட்டும்தான் என்று யாராவது சொன்னால் ஏற்போமா? புகாரைக் கைவிடாதீர்கள். அதே நேரம், போராளிக்கு எதற்குச் சிகிச்சை என்று நமக்குள் ஓடும் பேச்சையும் கைவிடுவோம். வழக்கு பல வருடம் இழுக்கும். அதை நடத்த நீங்கள் இருக்க வேண்டும், தூங்கி எழுந்து, சாப்பிட்டு, தெம்போடு இருக்க வேண்டும்.

ஒரு வேலை மட்டும் செய்வோம். ஒவ்வொரு விடுதியிலும் ஒரு நோட்டு போடுங்கள். யாரிடம் போனோம், பதிவு உண்டா, கட்டணம் என்ன, சாதி பற்றிப் பேச முடிந்ததா என்று எழுதுங்கள். போனவர் பெயர் அதில் வேண்டாம். முதல் தடவை போகிறவரோடு ஒருவர் துணைக்குப் போய் வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருங்கள்.