கடலடிச் சேறு கூறும் பனியாற்றின் சரித்திரம்
(அறக்கட்டளைச் சொற்பொழிவு)





1. காட்சியும் அனுமானமும்

கண்ணாற் காண்பது பிரத்தியட்சம். கண்டதைக் கொண்டு காணாததை உணர்வது அனுமானம். இவ்விரண்டனுள் காட்சியே வலியது என்பது பொதுவழக்கு. ஆயினும், காட்சி காலத்தால் பிந்தி வந்து, ஒரு நிகழ்ச்சியின் நடுப்பகுதியையே அதன் தொடக்கமென்று காட்டி நம்மை மயங்கவைக்கும் இடங்களும் உண்டு. அத்தகைய இடத்தில் அனுமானமே உண்மைக்கு வழிகாட்டும் என்பதற்கு, மேற்கு அண்டார்க்டிகாவிலுள்ள பைன் தீவுப் பனியாற்றைப் பற்றிய ஆராய்ச்சியைக் காட்டிலும் தெளிவான சான்று ஒன்றை நான் அறியேன்.

அமுண்ட்சன் கடலை நோக்கி இறங்கிவரும் இப்பனியாறு, கடல்மட்டத்துக்குக் கீழே தாழ்ந்து கிடக்கும் தரையின்மீது ஊன்றி ஊர்ந்து வந்து, ஓர் எல்லைக்கோட்டில் தரையை விட்டெழுந்து, அதற்கப்பால் பெரும் பனித்தட்டாகக் கடல்மேல் மிதக்கிறது. அந்த ஊன்றுகோடு, 1992 முதல் 2011 வரையுள்ள காலத்தில், பனியாற்றின் நடுப்பகுதியில் 31 கிலோமீட்டர் தூரம் உள்வாங்கிவிட்டது என்பதைச் செயற்கைக்கோள்களின் ராடார் அளவைகள் காட்டின. ஆனால் இந்தப் பின்னடைவு எப்போது தொடங்கிற்று என்னும் கேள்விக்கு அவற்றால் விடைகூற இயலவில்லை. அவை பார்க்கத் தொடங்குமுன்பே அது தொடங்கிவிட்டிருந்தது.

2. மறைந்திருந்த முகடு

2009ஆம் ஆண்டில் 'ஆட்டோசப்' என்னும் ஆளில்லா நீர்மூழ்கி அப்பனித்தட்டின் அடியில் செலுத்தப்பட்டபோது, கடலடியிலிருந்து ஏறத்தாழ 300 மீட்டர் உயர்ந்து குறுக்கே கிடக்கும் முகடு ஒன்று தெரியவந்தது. 1973ஆம் ஆண்டின் செயற்கைக்கோள் படத்தைத் தேடியெடுத்துப் பார்த்தவர்கள், அம்முகட்டுக்கு நேர்மேலே பனியின் பரப்பில் ஒரு புடைப்பு இருந்ததையும், பின்னைய படங்களில் அது மறைந்துவிட்டதையும் கண்டனர். ஒரு காலத்தில் பனியாறு அம்முகட்டின்மீது ஊன்றி நின்றது என்பதும், பின்னர் அப்பிடியை விட்டது என்பதும் இதனால் விளங்கின. விட்டது எப்போது என்பதை அறிய, முகட்டின்மேல் படிந்த சேற்றையே கேட்கவேண்டியதாயிற்று.

2012ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய தென்துருவக் கோடையில், சுடுநீரைப் பீய்ச்சி உருக்கும் துளைப்பான் கொண்டு, ஏறத்தாழ 450 மீட்டர் தடிப்புள்ள பனியில் ஒடுங்கிய துளைகள் இடப்பட்டன. அத்துளைகளின் வழியே குழாய்களை இறக்கி, பனிக்குக் கீழுள்ள இருண்ட நீரைக் கடந்து, முகட்டின்மீதும் அதன் பக்கங்களிலும் படிந்திருந்த சேற்றை அடுக்குக் குலையாமல் உருவியெடுத்தனர். துளை உறைந்து அடைபடுமுன் வேலை முடிந்தாக வேண்டும் என்பதை எண்ணிப்பார்த்தால், அவர்களுடைய சாதனையின் அருமை புலப்படும்.

அக்குழாயை நெடுகப் பிளந்து பார்த்தால் தெரிவது என்ன? அடியில் கூர்முனை மழுங்காத பரற்கற்களும் மணலும் சேறும் கலந்த முரட்டுப் படிவு. அதற்குமேல், விரலுக்கு மெழுகுபோல் வழுக்கும் நுண்சேறு, மெல்லிய ஏடுகளாக. பனியாறு தான் அரைத்துக் கொணர்ந்த பாறைத்தூளில் கனத்தவற்றை ஊன்றுகோட்டின் அருகிலேயே விட்டுவிடுகிறது. நுண்ணியவை மட்டும் நீரோடு நெடுந்தொலைவு செல்கின்றன. வெள்ளம் கழனியில் பாயும்போது மடைவாயில் மணலை இறக்கிவிட்டு, வண்டலைக் கடைமுனை வரையிற் கொண்டு செல்வதைக் கண்டவர்க்கு இது எளிதில் விளங்கும். ஆகவே, முரட்டுப் படிவு மாறி நுண்சேறு தொடங்கும் அந்த இடமே, பனி மேலெழுந்து கடல்நீர் உள்ளே புகுந்த தருணத்தின் அடையாளமாகும்.

3. காலத்தைக் கணித்த முறை

அத்தருணத்துக்கு ஆண்டு குறிப்பது எங்ஙனம்? தொல்பொருளாராய்ச்சியில் பெயர்பெற்ற கதிரியக்கக் கார்பன் முறை இங்கே பயன்படாது. அண்டார்க்டிகக் கடல்நீரிலேயே பழங்கார்பன் மிகுந்திருப்பதால், அந்நீரில் இன்று வாழும் உயிரும் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட வயதுடையதுபோல் தோன்றும். எனவே ஆராய்ச்சியாளர் ஈயம்-210 என்னும் கதிரியக்கப் பொருளை நாடினர். ரேடியம் சிதைந்து ரேடான் வாயுவாகி, அதன் வழியே தோன்றும் இவ்வீயம், நீரில் மிதக்கும் துகள்களைப் பற்றிக்கொண்டு அடியில் படிகிறது. படிந்தபின் ஏறத்தாழ 22 ஆண்டுகளுக்கு ஒருமுறை பாதியாகக் குறைந்துகொண்டே வருகிறது. மேலடுக்கில் உள்ளதையும் கீழடுக்கில் எஞ்சியதையும் ஒப்பிட்டால், ஒரு நூற்றாண்டு வரையிலான காலத்தை நம்பகமாகக் கணக்கிடலாம்.

பிரிட்டிஷ் அண்டார்க்டிக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித்தும் அவருடைய சகாக்களும் 2017இல் வெளியிட்ட முடிபு இது: முகட்டுக்கு உட்புறத்தில் கடல்நீர் புகுந்து குழிவு உண்டாகத் தொடங்கியது 1945ஐ ஒட்டி, பிழையெல்லை முன்னும் பின்னும் 12 ஆண்டு. பனியாறு முகட்டை முற்றிலும் விட்டு நீங்கியது 1970ஐ ஒட்டி. அப்பகுதிக்குப் பெயர் தந்த 'பைன் ஐலண்டு' என்னும் அமெரிக்கக் கடற்படைக் கப்பலைச் சேர்ந்த குழுவினர் 1946 டிசம்பரில் விமானமேறி அக்கரையைப் படமெடுத்தனர். அவர்கள் கண்டது அசைவற்ற வெண்பரப்பு. அதன் அடியில் ஊற்றம் தளர்ந்துகொண்டிருந்ததை எந்தக் கண்ணும் கண்டிருக்க முடியாது.

4. காரணம் நீங்கியும் நீங்காத காரியம்

1939 முதல் 1942 வரை பசிபிக் பெருங்கடலின் நீர் வழக்கத்தினும் சூடேறும் எல் நினோ நிலை வலுவாக நிலவியது. அதன் விளைவாக மேற்கு அண்டார்க்டிகாவில் வெப்பம் மிகுந்தது. அதுவே பனியாற்றை அசைத்த காரணமாகலாம் என்று ஆராய்ச்சியாளர் கருதுகின்றனர். அண்டையிலுள்ள த்வைட்ஸ் பனியாற்றின் முன்னே 2019இல் எடுத்த சேற்றை ஆராய்ந்தவர்களும், அதன் பின்னடைவும் 1940களிலேயே வேகம் கொண்டது என்று 2024இல் அறிவித்தனர். இரு பனியாறுகள் ஒரே காலத்தில் அசைந்தனவென்றால், காரணம் ஒன்றன் தனியியல்பில் இல்லை, இரண்டுக்கும் பொதுவான கடலிலும் காற்றிலும் இருக்கவேண்டும் என்பது தெளிவு.

இங்கேதான் நம் சிந்தனைக்குரிய பொருள் இருக்கிறது. எல் நினோ தணிந்தது. ஆனால் பனியாறு பழைய நிலைக்கு மீளவில்லை. முகட்டுக்கு உட்புறம் தரை மேலும் ஆழமாகிச் செல்வதால், ஒருமுறை ஊன்றுகோடு அதைக் கடந்தபின், ஒவ்வோர் அடி பின்வாங்கும்போதும் முன்னிலும் தடித்த பனி கடலுக்கு எதிர்ப்படுகிறது, வழிந்தோடுவதும் பெருகுகிறது. தொடங்கிவைத்த காரணம் நீங்கினாலும் காரியம் தன் வழியே நடந்துகொண்டிருக்கிறது.

த்வைட்ஸ் பனியாறு ஒன்று மட்டும் முற்றும் உருகினால் உலகக் கடல்மட்டம் ஏறத்தாழ 65 சென்டிமீட்டர் உயரும். மேற்கு அண்டார்க்டிகாவின் பனி குறையுந்தோறும் அதன் ஈர்ப்பும் குறைந்து, அது தன்பால் இழுத்து வைத்திருந்த நீர் விலகிச் செல்வதால், இந்துமாக்கடலில் ஏற்படும் உயர்வு உலகச் சராசரியைச் சற்று விஞ்சும் என்பதும் கணக்கிடப்பட்டுள்ளது. நம் கரையோரத்து மீனவர்க்கும் உழவர்க்கும் இது அயலார் செய்தியன்று.

'கண்ணுக்குத் தெரியட்டும், அப்போது பார்த்துக்கொள்ளலாம்' என்று காத்திருப்பவர்களுக்கு இச்சேறு தரும் விடை ஐயத்துக்கு இடமற்றது. பைன் தீவுப் பனியாற்றில் கண்ணுக்குத் தெரிந்தபோது, தொடங்கி அரை நூற்றாண்டு ஆகியிருந்தது. எனவே, புவி வெப்பத்தை மிகுவிக்கும் கரியமிலவாயுவைக் குறைப்பது பற்றிய முடிவுகளை, பின்னால் வருந்தித் திருத்திக்கொள்ளக்கூடிய முடிவுகளாக எண்ணுதல் தகாது. இன்னும் பிடி விடாத பனியாறுகளைப் பிடிவிடாமல் காப்பதே நம் கையில் உள்ள காரியம். அதற்கான கொள்கை வகுப்போர், மானிகளின் இன்றைய அளவோடு நில்லாமல், படிவுகள் காட்டும் நீண்ட காலக்கணக்கையும் தம் முன் வைத்துக்கொண்டு முடிவு செய்தல் வேண்டும் என்பதே இவ்வவையின் முன் நான் பணிவுடன் வைக்கும் கருத்து.