ஆலமரத்தடியில் ஒரு மாணவி

(நம் கல்லூரி முன்னாள் மாணவர் சந்திப்பில், இயற்பியல் இரண்டாம் ஆண்டு மாணவி ஒருவர் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)



"இணையத்தில் கூடிப் படிப்பது: ஒரு மாணவியின் முதல் அனுபவம்" என்று எனக்குத் தலைப்புக் கொடுத்திருக்கிறார்கள். பன்னிரண்டு நிமிஷம் என்று நேரமும் குறித்துவிட்டார்கள். "எந்நேரமும் இந்தப் பிள்ளைங்க செல்லுல என்னதாங்க பண்ணுதுங்க?" என்று வீட்டில் கேட்கிறவர்கள் இந்த அரங்கில் நிறையப் பேர் இருப்பீர்கள். அவர்களுக்கும் சேர்த்தே பேசுகிறேன்.

எங்கள் வயதுக்காரர்களுக்கு இணையம் வந்தது ஆசையால் அல்ல, கட்டாயத்தால். 2020 மார்ச்சில் பள்ளிக்கூடத்தை மூடியபோது நான் ஒன்பதாம் வகுப்பு. வீட்டுக்கு ஒரே போன், அதுவும் அப்பாவோடு வேலைக்குப் போய்விடும். கல்வித் தொலைக்காட்சி 2019-லேயே தொடங்கியிருந்ததால் பாடம் ஓரளவு அதில் வந்தது. ஆனால் டி.வி.யிடம் சந்தேகம் கேட்க முடியாது. இரவு எட்டு மணிக்கு அப்பா வந்த பிறகுதான் வாட்ஸ்அப்பில் வந்த வீட்டுப்பாடத்தைப் பார்ப்போம். நானும் தம்பியும் அந்த ஒரு போனுக்காகப் போட்ட சண்டையை எழுதினால் இந்த மலரில் பக்கம் போதாது.

கல்லூரிக்கு வந்ததும் கையில் சொந்த போன். வகுப்புக்கு ஒரு வாட்ஸ்அப் குழு, பாடத்துக்கு ஒரு குழு, சார் இல்லாத குழு ஒன்று தனி. தேர்வுக்கு முதல் நாள் இரவு அதில் நோட்ஸ் வந்து கொட்டும். யார் எழுதியது, எந்த ஆண்டுப் பாடத்திட்டம், கணக்கு சரியா தப்பா, எதுவும் தெரியாது. போன வருஷத்து அக்கா யாரோ எழுதியதைப் படம் பிடித்து, அதை இன்னொருவர் படம் பிடித்து, கடைசியில் மைனஸ் குறி எது, தூசு எது என்று தெரியாத நிலை. கேள்வி கேட்டால் ஒரு பதில் வரும், அதற்கு மேல் இருபது "குட் மார்னிங்" வரும், பதில் மேலே போய் மறைந்துவிடும். அடுத்த வருஷம் வருகிற தங்கச்சி அதே கேள்வியை முதலிலிருந்து கேட்க வேண்டும். உதவி இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே சேருவது எதுவும் நிற்பதில்லை.

நிற்கிற இடம் ஒன்றை எங்கள் தமிழ்த்துறைப் பேராசிரியர் காட்டினார். விக்கிப்பீடியாவை எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பார்ப்பது வேறு, அதற்கு உள்ளே போய் எழுதுவது வேறு.

கொஞ்சம் வரலாறு சொல்லிவிடுகிறேன். யார் வேண்டுமானாலும் பக்கத்தைத் திருத்தலாம் என்ற இந்த ஏற்பாட்டை வார்டு கன்னிங்காம் என்ற அமெரிக்க நிரலாளர் 1995-ல் முதலில் செய்தார். ஹொனலூலு விமான நிலையத்தில் ஓடிய "விக்கி விக்கி" பஸ்ஸின் பெயரைத்தான் அதற்கு வைத்தார். ஹவாய் மொழியில் விக்கி என்றால் "சீக்கிரம்". நம்ம டவுன் பஸ் பேரை யாராவது இப்படி வைப்பார்களா தெரியவில்லை, சீக்கிரம் என்ற அர்த்தம் வராது! அந்த முறையைக் கொண்டு 2001-ல் ஆங்கில விக்கிப்பீடியாவும் 2003-ல் தமிழ் விக்கிப்பீடியாவும் தொடங்கின. தமிழில் முதல் சில ஆண்டுகள் அதைத் தோளில் தூக்கிச் சுமந்தவர்களில் ஒருவர் இலங்கையைச் சேர்ந்த கட்டடக் கலைஞர் இ. மயூரநாதன். வளைகுடா நாட்டில் வேலை பார்த்துக்கொண்டே ஆயிரக்கணக்கான கட்டுரைகளை எழுதினார். 2015-ஆம் ஆண்டுக்கான இயல் விருதை கனடாவின் தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்கு வழங்கியது. 2017 மே மாதத்தில் தமிழ்க் கட்டுரைகளின் எண்ணிக்கை ஒரு லட்சத்தைத் தாண்டியது. அந்த ஆண்டு நம் மாநிலத்தில் பள்ளி ஆசிரியர்களுக்கும் பயிற்சி கொடுத்து எழுத வைத்தார்கள்.

நான் கணக்குத் தொடங்கியதும் முதலில் பிடித்துப்போனது பெயர்கள்தான். எழுதிப் பழகுகிற பக்கத்துக்கு "மணல்தொட்டி" என்று பெயர். அங்கே என்ன கிறுக்கினாலும் யாரும் திட்ட மாட்டார்கள். ஒவ்வொரு கட்டுரைக்கும் பின்னால் ஓர் உரையாடல் பக்கம். எல்லோரும் கூடிப் பொதுச் செய்தி பேசுகிற இடத்துக்கு என்ன பெயர் தெரியுமா? "ஆலமரத்தடி". படிக்கும்போதே நம்ம ஊருக்குள் நுழைந்தது மாதிரி இருந்தது. ஒரு வித்தியாசம், நம்ம ஊர் ஆலமரத்தடியில் பெண் பிள்ளைகள் உட்கார்ந்து பேசியதில்லை. இங்கே நான் பேசினேன். எதிரில் இருப்பவர் பேராசிரியரா, ஓய்வு பெற்ற அதிகாரியா, பிளஸ் டூ பையனா தெரியாது. எல்லோரும் "நீங்கள்", "வணக்கம்", "நன்றி". நான் பொண்ணா பையனா என்று யாரும் கேட்கவில்லை.

முதல் விவாதமே கிழங்கில்தான். மரவள்ளி என்கிறது புத்தகம். சேலம் நாமக்கல் பக்கம் குச்சிக்கிழங்கு என்றால்தானே தெரியும்? கன்னியாகுமரிப் பக்கம் மரச்சீனி என்பார்கள். "எங்கள் பக்கம் ஜவ்வரிசித் தொழிலே இந்தக் கிழங்கை நம்பித்தான் நடக்கிறது. சேகோசர்வ் என்று 1981-ல் சேலத்தில் கூட்டுறவுச் சங்கமே தொடங்கினார்கள். 2023-ல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. அதனால் எங்கள் சொல்லும் கட்டுரையில் இருக்க வேண்டும்" என்று எழுதினேன். இலங்கைப் பயனர் ஒருவர் "இந்தச் சொல்லை இன்றுதான் அறிந்தேன், ஆதாரத்துடன் சேர்த்துவிடுங்கோ" என்று பதில் போட்டார். கடல் தாண்டி ஒருவருக்கு நம்ம ஊர் வார்த்தை ஒன்றைச் சொல்லிக்கொடுத்த சந்தோஷம், பரீட்சையில் தொண்ணூறு வாங்கினால்கூட வராது.

அந்த "ஆதாரத்துடன்" என்ற சொல்லில்தான் சிக்கல் இருக்கிறது. உங்களிடம் நான் முக்கியமாகச் சொல்ல வந்ததும் அதுதான்.

எங்கள் அம்மாயிக்கு எழுபத்தெட்டு வயது. சரபங்கா ஆறு அவருக்குத் தெரியும். சேர்வராயன் மலையில் மழை பெய்தால் எத்தனை நாழிகையில் ஓமலூருக்குத் தண்ணி வரும், எந்த ஏரி முதலில் கோடி போகும், அந்தத் தண்ணி அடுத்து எந்த ஏரிக்குப் போகும், எந்த வருஷம் கரை உடைந்தது, வண்டல் அள்ள எந்த ஊர் வண்டிகள் வரும், எல்லாம் அவர் வாயில் வரிசையாக வரும். அதை எழுதினேன். மறுநாள் பார்த்தால் பக்கத்தில் "சான்று தேவை" என்று ஓர் ஒட்டு. பாட்டி சொன்னாங்க என்பது அங்கே சான்று ஆகாது. வெளியிடப்பட்டிருக்க வேண்டும், மற்றவர்கள் எடுத்துச் சரிபார்க்க முடிய வேண்டும்.

சரி, ஓமலூர் பற்றி அச்சில் என்ன இருக்கிறது என்று தேடினேன். இணையத்தில் கைக்குக் கிடைத்தவை எவை? லெ ஃபானு என்ற ஆங்கில அதிகாரி 1883-ல் வெளியிட்ட சேலம் மாவட்டக் கையேடு. ரிச்சர்ட்ஸ் என்ற அதிகாரி 1918-ல் எழுதிய கெசட்டியர். இரண்டும் ஆங்கிலம். தர்மபுரி, கிருஷ்ணகிரி எல்லாம் சேலத்தோடு சேர்ந்திருந்த காலத்துப் புத்தகங்கள். 1934-ல் கட்டி முடித்த மேட்டூர் அணைகூட அவற்றில் கிடையாது. நல்ல புத்தகங்கள்தான், அந்த மனிதர்களின் உழைப்பைக் குறை சொல்லவில்லை. ஆனாலும் கேட்கத் தோன்றுகிறது: நூறு வருஷத்துக்கு முன்னால் குதிரையில் வந்து பார்த்துவிட்டுப் போன துரை சொன்னால் சான்று, ஏரிக்கரையிலேயே எழுபத்தெட்டு வருஷம் வாழ்ந்த அம்மாயி சொன்னால் சான்று இல்லையா?

இந்தக் கேள்வி எனக்கு மட்டும் வந்ததல்ல. 2011-ல் அச்சல் பிரபாலா என்பவர் "மக்களே அறிவு" என்று பொருள்படும் ஆங்கிலத் தலைப்பில் ஒரு படம் எடுத்தார். மலையாளம், இந்தி, தென்னாப்பிரிக்காவின் செபெடி ஆகிய மொழிகளில், வாய்மொழியாகச் சொல்வதைப் பதிவு செய்து விக்கிப்பீடியாவுக்குச் சான்றாக்க முடியுமா என்று சோதித்தார்கள். விவாதம் பெரிதாக நடந்தது. இன்றைக்கும் பொது விதி மாறவில்லை.

கோபம் ஆறிய பிறகு யோசித்தால் அந்த விதியின் நியாயமும் தெரிகிறது. ஏரிக்கரையில் இடம் பிடித்து வீடு கட்டியவரும் "எங்க தாத்தா சொன்னாருங்க, இங்க ஏரியே இல்லை" என்று எழுதலாமே? வாட்ஸ்அப் நோட்ஸில் யார் எழுதியது என்று தெரியாமல் நாங்கள் பட்ட பாட்டுக்கும் இதே விதிதானே மருந்து? இங்கே "வரலாற்றைக் காட்டவும்" என்பதை அழுத்தினால் யார், எந்த நாள், எந்த எழுத்தை மாற்றினார் என்று வரி வரியாகத் தெரியும். என் ஆய்வகக் குறிப்பேட்டுக்குக்கூட அவ்வளவு ஒழுங்கு கிடையாது. ஆகவே விதியை மாற்றச் சொல்லி நான் போராடப் போவதில்லை. அம்மாயி சொல்வதை அச்சுக்குக் கொண்டுவருவதுதான் செய்யக்கூடிய வேலை.

அவசரம் ஒன்று இருக்கிறது. மேட்டூர் அணையின் உபரி நீரை நீரேற்றி, சரபங்கா வடிநிலத்தின் 100 வறண்ட ஏரிகளுக்குக் கொண்டுவரும் 565 கோடி ரூபாய்த் திட்டத்தின் ஒரு பகுதி 2021-ல் தொடங்கிவைக்கப்பட்டது. நூறு ஏரி என்று செய்தியில் வருகிறது. அவற்றில் உங்கள் ஊர் ஏரியின் பெயர் என்ன, மதகு எத்தனை, யார் மடை திறந்தார்கள் என்று எழுதி வைத்திருக்கிறோமா? 2004-ல் இங்கிலாந்தில் தொடங்கிய ஓப்பன் ஸ்ட்ரீட் மேப் என்ற வரைபடத்தில் நாமே ஏரியின் கரையை வரையலாம், பெயரைத் தமிழில் எழுதலாம். விடுமுறையில் நானும் இரண்டு தோழிகளும் உட்கார்ந்து வரைந்தோம். வானிலிருந்து எடுத்த படத்தில் நீலத் திட்டாகத் தெரிகிற பலவற்றுக்குப் பெயரே இல்லை. பக்கத்து ஊர்ப் பெரியவர்களைக் கேட்டுத்தான் போட்டோம். பெயரைக் கேட்டால் பெயரோடு நிறுத்த மாட்டார்கள், டீயும் கொடுத்து ஒரு மணி நேரம் கதையும் சொல்வார்கள்!

"இப்போ எல்லாம் சாட்ஜிபிடி கிட்ட கேட்டா சொல்லிடுதே, நீங்க எதுக்கும்மா எழுதணும்?" என்று ஓர் அண்ணன் காலையில் கேட்டார். 2022 நவம்பரில் அது வந்ததிலிருந்து எங்கள் விடுதியிலும் அதே பேச்சுதான். நானும் பயன்படுத்துகிறேன், கணக்கைப் படிப்படியாக விளக்கும். ஆனால் அது படித்துக் கற்றதே விக்கிப்பீடியா போன்ற இடங்களில் மனிதர்கள் எழுதி வைத்ததைத்தான். ஓமலூர் ஏரிகளைப் பற்றி யாரும் எழுதவில்லை என்றால் அது எதைச் சொல்லும்? கேட்டுப் பார்த்தேன். அழகான தமிழில், இல்லாத ஒரு ஏரிக்கு இருநூறு வருஷக் கதை சொன்னது. இயந்திரத் தமிழ் தமிழ் விக்கிக்குப் புதிதும் அல்ல. 2009 வாக்கில் கூகுள் நிறுவனம் தன் மொழிபெயர்ப்புக் கருவியைக் கொடுத்து, கூலிக்கு ஆட்களை வைத்து, ஆங்கிலக் கட்டுரைகளைத் தமிழாக்கி உள்ளே சேர்த்தது. படிக்க முடியாத வாக்கியங்கள் வந்து குவிந்தன. 2010-ல் நம் தமிழ்ப் பயனர்களே அதை உலக விக்கி மாநாட்டில் எடுத்துச் சொன்னார்கள். எண்ணிக்கை ஏறினால் போதும் என்று அவர்கள் வாயை மூடிக்கொண்டு இருக்கவில்லை என்பதை நினைத்தால் பெருமையாக இருக்கிறது.

பாடத்துக்கு உதவுகிறதா என்று துறைத்தலைவர் கேட்பார். உதவுகிறது, அரைகுறையாக. தமிழ் வழியில் படித்துவிட்டு இங்கே ஆங்கிலத்தில் குவாண்டம் இயற்பியல் கேட்கிற என்னைப் போன்றவர்களுக்கு, முதலில் தமிழில் ஒரு பக்கம் படித்தால் பயம் பாதி போய்விடும். ஆனால் இரண்டாம் ஆண்டுக்கு மேல் போனால் பல கட்டுரைகள் நாலு வரியில் நின்றுவிடுகின்றன. அந்த நாலு வரியை நாற்பதாக்குவதற்கு நான் புத்தகத்தை மூன்று தடவை படிக்க வேண்டியிருந்தது. தேர்வுக்குக்கூட நான் அப்படிப் படித்ததில்லை.

முன்னாள் மாணவர்களிடம் இரண்டு உதவி கேட்கிறேன். பணம் இல்லைங்க, பயப்படாதீர்கள். உங்களில் பலர் ஊராட்சியிலும் பொதுப்பணித் துறையிலும் ரயில்வேயிலும் வேலை பார்த்தவர்கள். மேட்டூர் லைன் பிரிகிற ஓமலூர் ஜங்ஷனைப் பற்றி, கருப்பூர் வெள்ளைக்கல் சுரங்கத்தைப் பற்றி, உங்கள் ஊர் ஏரியைப் பற்றி, நான்கு பக்கம் எழுதி உங்கள் பெயரோடு அடுத்த ஆண்டு மலரில் கொடுங்கள். அது அச்சாகி நூலகத்தில் இருந்தால் எங்களுக்குக் காட்ட ஒரு சான்று கிடைக்கும். இரண்டாவது, உங்கள் வீட்டுப் பழைய புகைப்படங்கள். நீங்களே எடுத்த படமாக இருந்தால், பொது உரிமத்தில் வெளியிடலாம் என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தாருங்கள்.  படத்தை நாங்கள் ஸ்கேன் செய்துவிட்டு அன்றைக்கே திருப்பித் தந்துவிடுவோம்.

சாப்பாட்டுக்குப் பிறகு நூலகத்தில் நானும் என் தோழிகளும் ஸ்கேனரோடு உட்கார்ந்திருப்போம். எங்கள் அம்மாயியையும் அழைத்து வந்திருக்கிறேன். ஏரிகளின் வரிசையில் யாருக்காவது சந்தேகம் இருந்தால் அவரிடமே கேட்டுக்கொள்ளலாம். கொஞ்சம் சத்தமாகப் பேசுங்கள், காது மந்தம்.