ஜானவாசக் கார் முதல் ஜாகுவார் வரை: வாடகைக்கு விட எந்தக் காரை வாங்கலாம்?

(தாம்பரத்தில் சுயதொழில் தொடங்க விரும்புவோருக்கான கூட்டத்தில், பழைய கார்களைச் சீர்செய்து தரும் மெக்கானிக் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)



கிளாசிக் கார், எக்ஸாட்டிக் கார் வாடகைன்னு சொன்னதும், ஏதோ வெளிநாட்டுலேர்ந்து நேத்து வந்து இறங்கின தொழில் மாதிரி சிலபேர் பார்க்கிறீங்க. அப்படி இல்லீங்க. நம்ம ஊர்ல ஜானவாசக் கார்னு ஒண்ணு இருந்ததே, மறந்துட்டீங்களா? கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம், மேல்கூரை இல்லாத பெரிய காரைப் பூவால மூடி, மாப்பிள்ளையை உட்கார வெச்சு, முன்னாடி நாதஸ்வரம், பக்கத்துல பெட்ரோமாக்ஸ் லைட்டோட கோயில்லேர்ந்து மண்டபத்துக்கு ஊர்வலமா கூட்டிட்டு வருவாங்க. ஊர்க் குழந்தைகள் எல்லாம் அந்தக் கார்ல தொத்திக்கும். அந்தக் கார் மாப்பிள்ளையோட சொந்தக் காரா? வாடகைக் கார்தான்!

அதனால தொழில் புதுசு இல்லை. காரைச் சுத்தி இருக்கிற சட்டம்தான் புதுசு. செலவும் புதுசு. இந்தத் தொழில்ல விழுந்தவங்களைப் பார்த்தா, பெரும்பாலும் வாடிக்கையாளர் வராம விழல. காரைப் பார்த்து மயங்கி முதல்ல வாங்கிட்டு, அப்புறம் ஆர்டிஓ ஆபீஸ் வாசலுக்கு வந்தவங்கதான் அதிகம். நீங்க வரிசையை மாத்திக்கணும். முதல்ல காகிதம், அப்புறம் ரோடு, கடைசியாத்தான் அழகு.

நம்ம பக்கத்து வீட்டுக் கார்லேர்ந்தே ஆரம்பிக்கிறேன். இங்கேர்ந்து தெற்கே ஜிஎஸ்டி ரோட்டுல போனா, பெருங்களத்தூர், வண்டலூர் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் கம்பெனி இருந்தது பெரியவங்களுக்குத் தெரியும். 1961-ல் அவங்க கொண்டுவந்ததுதான் ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இங்கிலாந்து டிரையம்ஃப் ஹெரால்டோட இந்தியப் பிறப்பு. வரைஞ்சவர் இத்தாலிக்காரர் மிக்கெலோட்டி. இங்கிலாந்துல ரெண்டு கதவோட நின்னுபோன அந்தக் காருக்கு, நாலு கதவு வெச்சது நம்ம சென்னையிலதான். 1972-ல் கெஸல் வந்தது. 1985-ல் ரோவர் காரோட உருவத்துல ஸ்டாண்டர்டு 2000 வந்தது. உடம்பு புதுசு, இன்ஜின் பழைய வேன்கார்டு காலத்துது, ஓடல. 1988-ஓட உற்பத்தி நின்னுபோச்சு.

தாம்பரத்துல கிளாசிக் கார் தொழில் தொடங்குறவருக்கு ஹெரால்டை விடப் பொருத்தமான கார் இருக்குமா? மனசு அப்படித்தான் சொல்லும். ஆனா காகிதம் என்ன சொல்லுதுன்னு பாருங்க. 2021 ஜூலையில மத்திய அரசு விண்டேஜ் வாகனத்துக்குன்னு தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவுலேர்ந்து 50 வருஷம் தாண்டி, பெரிய மாற்றம் எதுவும் செய்யாம, அசல் உருவத்துல பராமரிச்ச வண்டிக்கு விண்டேஜ் பதிவு வாங்கலாம். பரிவாகன் தளத்துலயே விண்ணப்பிக்கலாம். புதுப் பதிவுக்கு ரூ.20,000, பத்து வருஷத்துக்குச் செல்லும், மறுபதிவுக்கு ரூ.5,000. ஏற்கெனவே பதிவான வண்டி பழைய நம்பரையே வெச்சுக்கலாம். கேட்க நல்லா இருக்கு இல்ல? அதே விதியில இன்னொரு வரியும் இருக்கு: விண்டேஜ் வாகனத்தை அன்றாட உபயோகத்துக்கோ வணிக நோக்கத்துக்கோ சாலையில ஓட்டக்கூடாது. கண்காட்சி, விண்டேஜ் ரேலி, தொழில்நுட்ப ஆய்வு, பெட்ரோல் போட, பழுதுபார்க்க, இவ்வளவுதான்.

இப்போ 2020-கள்ல நிக்கிறோம். ஹெரால்டு எல்லாமே 50-ஐத் தாண்டிடுச்சு. விண்டேஜ் பதிவு எடுத்தா வாடகைக்கு ஓட்ட முடியாது. எடுக்காம ஓன் போர்டாவே வெச்சிருந்தாலும் வாடகைக்கு ஓட்ட முடியாது. ஆக, ஹெரால்டு ஆசைக்கு வெச்சுக்கிற கார். நம்பி கடன் வாங்குற கார் இல்லை.

ஓன் போர்டு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாச் சொல்லணும், ஏன்னா இதுலதான் பணமும் உயிரும் ரெண்டும் மாட்டுது. "வருஷத்துல பத்து முகூர்த்தம்தானே ஓடப்போகுது, இதுக்கு எதுக்கு டி போர்டு?"ன்னு கேக்கிறாங்க. வாடகைக்கு ஆள் ஏத்தணும்னா மோட்டார் வாகனச் சட்டம் 66-வது பிரிவுப்படி பெர்மிட் வேணும். இல்லாம ஓட்டினா 192ஏ பிரிவு: முதல் தடவை ரூ.10,000 அபராதம், ஆறு மாசம் வரை சிறையும் உண்டு. அபராதத்தைக்கூட கட்டிடலாம். இன்ஷூரன்ஸை என்ன பண்ணுவீங்க? உங்க பாலிசியை எடுத்து, வண்டியை எதற்குப் பயன்படுத்தலாம்னு போட்டிருக்கிற பகுதியை இன்னிக்கே படிங்க. தனியார் கார் பாலிசியில வாடகை உபயோகம் கிடையாதுன்னு தெளிவா அச்சடிச்சிருக்கும். பழைய கார், பிரேக் பிடிக்க நேரம் ஆகும். ஊர்வலத்துல முன்னாடி மேளக்காரங்க நடக்கிறாங்க, பின்னாடி சித்தப்பா பெரியப்பா நிக்கிறாங்க. அங்க ஒண்ணு ஆச்சுன்னா, கம்பெனி பணம் தர மறுக்கச் சட்டமே இடம் கொடுக்குது. தீர்ப்பாயம் முதல்ல கம்பெனியைக் கட்டச் சொன்னாலும், பிறகு அந்தப் பணத்தை உங்கக்கிட்ட வசூல் பண்ண வழி இருக்கு. வீடு வரைக்கும் போயிடும்.

சரி, அப்போ எந்தப் பழைய கார்தான் வாங்குறது? ஃபியட்டோட வழியில வந்த பிரீமியர் பத்மினி 2000 வாக்குலயே நின்னுபோச்சு. கான்டெஸா 2002-ல் நின்னுது. அம்பாசிடர் மட்டும் 2014 வரைக்கும் உத்தர்பாராவுல வந்துக்கிட்டு இருந்தது. உருவம் 1950-கள் மாரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு. பிறந்த வருஷம் 2010-க்கு மேல. இந்தத் தொழிலுக்கு இதைவிட வசதியான பழைய கார் நம்ம நாட்டுல இல்லைங்கிறது என் அபிப்பிராயம். முதலிலிருந்தே டாக்ஸியாப் பதிவான, கடைசி வருஷங்கள்ல வந்த அம்பாசிடர் கிடைச்சா முதல்ல அதைப் பாருங்க. ஆனா வாகன வயசைப் பொறுத்து பெர்மிட்டுக்கு வரம்பு உண்டு. அதனால அட்வான்ஸ் கொடுக்கிறதுக்கு முன்னாடி, இந்த மாடல், இந்த வருஷம், இந்த நம்பர், இதுக்கு எந்தப் பெர்மிட், எத்தனை வருஷத்துக்குக் கிடைக்கும்னு உங்க வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்துல எழுத்துமூலமாக் கேளுங்க. புரோக்கர் வாய்ல "எல்லாம் பண்ணிக்கலாம்"னு வர்றது பதில் இல்லை.

"கவர்மென்ட் அம்பாசிடர், ஆபீசர் வண்டி, கிலோமீட்டரே ஓடல"ன்னு யாராவது சொன்னா ரெண்டு மடங்கு ஜாக்கிரதை. 2023 ஏப்ரல் 1 முதல் 15 வருஷம் தாண்டின அரசு வண்டிகளோட பதிவு ரத்து, அதெல்லாம் உடைக்கத்தான் போகணும்.

இன்னொரு வலை இருக்கு. ஜீப் சேஸிஸ் மேல பழைய காலத்து உருவம் கட்டி, பெரிய ஹெட்லைட், பித்தளை ஹாரன் எல்லாம் வெச்சு, "விண்டேஜ் மாடல்"னு விக்கிறாங்க. போட்டோவுல பிரமாதமா இருக்கும். ஆர்சியில ஜீப்னு இருக்கும். தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு 52-வது பிரிவு சொல்லுது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் அதை உறுதிப்படுத்திடுச்சு. உரிமையாளருக்கு ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5,000 அபராதமோ ஆறு மாசம் வரை சிறையோ, ரெண்டுமோ வரலாம். அம்பாசிடர் கூரையை அறுத்து ஜானவாசக் கார் பண்றதும் இதே கணக்குதான். அதோட, சேஸிஸ் தனியா இல்லாத காருக்குக் கூரையும் எலும்பு மாதிரி. அதை அறுத்தா நடு முதுகு தொங்கிடும், கதவு மூடாது.

இப்போ எக்ஸாட்டிக். இங்க இளைஞர்கள் கேக்கிறது எல்லாம் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் கார்தான். கொஞ்சம் கணக்கு போடுங்க. ரெண்டு சீட்டு, ஒண்ணுல டிரைவர். மாப்பிள்ளையும் பொண்ணும் எங்க உட்காருவாங்க? மாப்பிள்ளையே ஓட்டட்டும்னா அது செல்ஃப் டிரைவ். அதுக்கு 1989-ம் வருஷத்து ரென்ட் எ கேப் திட்டத்துல உரிமம் வேணும். குறைஞ்சது 50 வண்டி இருக்கணும், அதுல பாதி ஏசி. கறுப்பு போர்டுல மஞ்சள் எழுத்து பார்த்திருப்பீங்களே, அது இதுதான். ஒரு வண்டியோட தொடங்குறவருக்கு அந்தக் கதவு மூடியிருக்கு. அதனால டிரைவரோட ஓடுற நாலு கதவு கார்தான் உங்க வழி: பென்ஸ் எஸ் கிளாஸ், பிஎம்டபிள்யூ 7, ஜாகுவார் எக்ஸ்ஜே மாதிரி. பட்டுப்புடவை, நகை, ஒட்டியாணத்தோட ஒரு பொண்ணு தரையோட ஒட்டின சீட்டுல இறங்கி ஏறுறதை ஒருதடவை பார்த்தீங்கன்னா இந்த முடிவுக்கு நீங்களே வந்துடுவீங்க.

அப்புறம் நம்ம ரோடு. மண்டபத்துக்கு மண்டபம் ஸ்பீடு பிரேக்கர். மழை வந்தா முடிச்சூர், வரதராஜபுரம் பக்கம் என்ன ஆகும்னு 2015 டிசம்பர்ல பார்த்தோம். 2023 டிசம்பர் புயல்லயும் பார்த்தோம். குறைஞ்ச உயரக் கார் அடிவாங்கும். அது மட்டுமில்ல, வெள்ளத்துல நின்ன சொகுசுக் கார்தான் பிறகு "சல்லிசு விலை"யில சந்தைக்கு வருது. கார்ப்பெட்டைத் தூக்கிப் பாருங்க, சீட் பெல்ட்டை முழுசா இழுத்துப் பாருங்க. அடியில சேறோட கறை இருந்தா, எவ்வளவு குறைச்சாலும் வேணாம். இறக்குமதி கார்னா இன்னொரு செலவும் உண்டு: 2025 ஆகஸ்டுல உயர்த்தின கட்டணப்படி, 20 வருஷம் தாண்டின காருக்குப் பதிவைப் புதுப்பிக்க ரூ.10,000, அதே இறக்குமதி கார்னா ரூ.80,000. பசுமை வரி தனி.

வண்டியை ஓட்டிப் பார்க்கிறது எப்படின்னு கேட்டீங்கன்னா, எல்லாரும் வண்டலூர் – கேளம்பாக்கம் ரோட்டுல எண்பதுல போய்ப் பார்க்கிறாங்க. அது வேற தொழிலுக்கு. உங்க கார் சம்பாதிக்கப்போறது மனுஷன் நடக்கிற வேகத்துல. பழைய கார்ல ஃபேன் இன்ஜின் பெல்ட்டுல சுத்துது. இன்ஜின் மெதுவா ஓடினா காத்தும் குறையும், ரேடியேட்டர் கொதிக்கும். ஹைவேயில சமர்த்தா ஓடின வண்டி ஊர்வலத்துல நடுத்தெருவுல புகையும். டைனமோ வெச்ச வண்டின்னா, மெதுவா ஓடும்போது சார்ஜே ஏறாது. மேல சீரியல் லைட்டும் மாட்டினா அரை மணியில பேட்டரி படுத்துடும். அதனால ஒரு வெயில் சாயங்காலம், ஹெட்லைட் போட்டு, முதல் கியர்ல, நிறுத்தி நிறுத்தி முக்கால் மணி நேரம் ஓட்டுங்க. கிளட்ச் வாசனை வருதா பாருங்க. விக்கிறவர் "எதுக்கு சார் இப்படி"ன்னு கேட்டா, பதில் பாதி கிடைச்ச மாதிரி.

உதிரி பாகம்: அம்பாசிடர், பத்மினிக்குப் புதுப்பேட்டையில இன்னும் தேடி எடுக்கலாம். ஹெரால்டுக்கு வெளிநாட்டுலேர்ந்து வரவழைக்க வேண்டிவரும். இப்போ பங்க்ல வர்ற இ20 பெட்ரோல்ல எத்தனால் இருக்கு. பழைய ரப்பர் ஹோஸ், கார்புரேட்டர் வாஷர் எல்லாம் மாத்திடுங்க, ரெண்டு வருஷம் நின்ன டேங்கைக் கழுவிடுங்க. டிரைவரையும் முன்னாடியே பார்த்து வைங்க. ஸ்டியரிங்ல கியர் இருக்கிற வண்டியை இன்னிக்கு ஓட்டத் தெரிஞ்சவங்க குறைவு.

கடைசியா போன் விஷயம். கையில இருக்கிற போன்ல எம்-பரிவாகன் செயலியில வண்டி நம்பரைப் போடுங்க. பதிவு தேதி, வண்டி வகை, எஃப்சி, இன்ஷூரன்ஸ் எதுவரைக்கும்னு வரும். விக்கிறவர் சொன்ன வருஷமும் அதுல வர்ற வருஷமும் ஒத்துப்போகுதா? வங்கிக் கடன் அடமானம் இன்னும் இருக்கா? ஆர்சியில இருக்கிற சேஸிஸ் நம்பரை வண்டியில தேய்ச்சுப் பாருங்க. பட்டி போட்டு மறைச்சிருந்தா வந்த வழியே திரும்பிடுங்க. ரொம்பப் பழைய வண்டி விவரம் கணினியில ஏறாமலே இருக்கலாம். அப்படின்னா விக்கிறவரையே ஆர்டிஓ ஆபீஸ்ல அதை ஏத்தித் தரச் சொல்லுங்க, அதுக்கப்புறம் பணம் பேசுங்க.

இங்க கார் வாங்க வந்தவங்க மட்டும் இல்லை, கல்யாணத்துக்கு கார் பேசப்போற பெத்தவங்களும் இருக்கீங்க. உங்களுக்கும் அதே செயலிதான். அட்வான்ஸ் அனுப்புறதுக்கு முன்னாடி கார் போட்டோ கேக்கிற மாதிரி, நம்பர் போர்டு தெரியிற போட்டோவும் கேளுங்க. மஞ்சள் போர்டா, பெர்மிட் இருக்கா, இன்ஷூரன்ஸ் முகூர்த்த நாள் வரைக்கும் இருக்கா பாருங்க. நம்பரை மறைச்சு போட்டோ அனுப்பினாங்கன்னா ஏன்னு கேளுங்க.

கேள்வி இருக்கிறவங்க இப்போ கேக்கலாம். சேஸிஸ் நம்பர் எங்க இருக்கும்னு தெரியாதவங்க வெளியில வாங்க, வாசல்ல ஒரு அம்பாசிடர் நிக்குது, பானெட்டைத் திறந்து காட்டுறேன்.