பட்டம் தமிழில், பணி எம்மொழியில்?

(தாமலில் ஆற்றப்பெற்ற உரை)



தாமல் ஏரியை ஒட்டி ஓடும் நெடுஞ்சாலை கிழக்கே திருப்பெரும்புதூருக்கும் இருங்காட்டுக்கோட்டைக்கும் செல்கின்றது. ஆங்குள்ள ஆலைகளில் மகிழுந்தும் மின்னணுக் கருவிகளும் நாடோறும் உருவாகின்றன. இத்துணை ஆலைகள் அண்மையில் இருந்தும், நிலம் விற்றும் கடன்பட்டும் பொறியியற் பட்டம் பெற்ற உழவர் வீட்டு இளைஞர் பணியின்றி வாடுவது ஏன்? கணக்கு அறியாமையாலா? கருவி அறியாமையாலா? பல வேளைகளில் அன்று. நேர்காணலில் ஆங்கிலம் நாவில் வாராமையால்!

இக்குறை போக்க 2010இல் இரு வழிகள் திறக்கப்பட்டன. அண்ணா பல்கலைக்கழகத்தில் கட்டுமானப் பொறியியலும் எந்திரப் பொறியியலும் தமிழ்வழியில் தொடங்கின. தமிழ்வழிப் பயின்றார்க்கு அரசுப் பணிகளில் நூற்றுக்கு 20 இடங்களை முன்னுரிமையாய் வழங்கும் சட்டமும் அவ்வாண்டே பிறந்தது. அறிவியற் பட்டம் பெற்றார்க்கும் இது பொருந்தும். ஆயின், 2020ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி, பட்டத்தை மட்டும் தமிழிற் பெற்றாற் போதாது. பள்ளிப் படிப்பும் தமிழ்வழியே அமைதல் வேண்டும். பிள்ளைகளை ஆங்கிலவழிப் பள்ளியிற் சேர்க்கும் பெற்றோர் இதனை உள்ளத்திற் கொள்க.

எனினும், அச்சட்டம் அரசு வாயிலை மட்டுமே திறந்தது. பொறியாளரைப் பெருந்தொகையாய் அமர்த்தும் தனியார் வாயில் திறக்கவில்லை. விளைவு என்ன? தமிழ்வழியில் மாணவர் சேர்க்கை குறைந்தது. 2023 மேத் திங்களில், உறுப்புக் கல்லூரிகள் சிலவற்றில் தமிழ்வழிப் பிரிவுகளை நிறுத்துவதாகப் பல்கலைக்கழகம் அறிவித்தது. எதிர்ப்பு எழவே அறிவிப்பைத் திரும்பப் பெற்றது. அறிவிப்பு மறைந்தது, அதன் கரணியம் மறையவில்லை!

தமிழுக்குப் பொறியியல் புதிதன்று. மதகு, தூம்பு, கலங்கல், கரை, வாய்க்கால் என்பன எம்மொழியிலிருந்தும் கடன் பெற்ற சொற்கள் அல்ல. உத்தரமேரூர்க் கல்வெட்டுகள் பத்தாம் நூற்றாண்டிலேயே ஏரி வாரியத்தைக் குறிக்கின்றன. அந்நாளில் ஏரி காத்தவர் நீரின் அளவையும் கரையின் வலிவையும் எம்மொழியில் எண்ணிப் பார்த்தனர்?

இருங்காட்டுக்கோட்டையில் 1998 முதல் மகிழுந்து செய்யும் நிறுவனம் கொரியருடையது. கொரியர் தம் பொறியியலைத் தம் மொழியில் வளர்த்தவர். ஒரகடத்தில் ஆலை கண்ட சப்பானியரும் அவ்வாறே. தாய்மொழியில் கற்றுத் தொழில் வளர்த்தோரின் வாயிலில், தாய்மொழியில் கற்ற தமிழ்ப்பிள்ளை ஆங்கிலத்தால் தடுக்கப்படுவது என்ன முறை?

ஆகவே, அரசின் தொழிற்பேட்டைகளில் நிலமும் சலுகையும் பெறும் நிறுவனங்கள் முதல்நிலைத் தேர்வையும் நேர்காணலையும் தமிழிலும் நடத்துதல் வேண்டும். அதனை உடன்படிக்கையிலேயே அரசு எழுதி வாங்குதல் வேண்டும். பல்கலைக்கழகம் தமிழ்ப் பாடநூல்களைக் காலத்திற்கேற்பப் புதுக்குதல் வேண்டும். மாணவர் ஆங்கிலத்தை ஒரு கருவியாய்க் கற்க. அறிவின் அளவுகோலாய்க் கொள்ளற்க.

தமிழிற் கற்றவர்க்குச் சோறில்லை எனின், மேடைதோறும் நாம் முழங்கும் வாழ்த்து வெற்றொலியே. தமிழ் வாழ்க என்பது, தமிழிற் கற்றவர் வாழ்க என்பதே!