தனுஷ்கோடியில் பிள்ளைகளுக்கு எதைக் காட்டுவது?

(திருவானைக்காவலில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரை)



ராமேஸ்வரம் கல்விச் சுற்றுலா என்றால் தனுஷ்கோடியும் கட்டாயம் இருக்கும். வண்டி நிற்கும். "இதுதான் புயலில் அழிந்த பேய் நகரம்" என்று ஒரு குரல் சொல்லும். அரைமணி நேரத்தில் விசில் ஊதிவிடும். அந்த அரைமணியைப் பற்றித்தான் பேச விரும்புகிறேன்.

அந்த ஊர் நமக்கு அந்நியம் அல்ல. 1914-இல் பாம்பன் பாலத்தைத் திறந்து, தனுஷ்கோடி வரை ரயில் விட்டது தென்னிந்திய ரயில்வே கம்பெனி. அதன் தலைமையகம் நம் திருச்சி. சென்னையில் ஒரே சீட்டு எடுத்து, போட் மெயிலில் தனுஷ்கோடி போய், கப்பலேறித் தலைமன்னாரில் இறங்கி, மறுபடி ரயிலில் கொழும்பு சேரலாம். சுங்கச்சாவடி, தபால் நிலையம், தேவாலயம், பள்ளி என்று எல்லாம் இருந்த துறைமுக ஊர் அது.

1964 டிசம்பர் 22 நள்ளிரவில் புயல் வந்தது. பாம்பனிலிருந்து புறப்பட்ட பாசஞ்சர் ரயிலைத் தனுஷ்கோடியை நெருங்கும்போது கடல் இழுத்துக்கொண்டது. அதிலிருந்த நூற்றுக்கும் மேற்பட்டோரில் ஒருவரும் பிழைக்கவில்லை. பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்தார்கள். பொறுப்பேற்றிருந்த இளம் பொறியாளர் இ.ஸ்ரீதரன். தனுஷ்கோடிக்கு மட்டும் தண்டவாளம் திரும்பவே இல்லை. வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது.

ஸ்காட்லாந்தில் செயின்ட் கில்டா என்றொரு தீவு உண்டு. அங்கே எஞ்சியிருந்த 36 பேரும் தாங்களாகவே கேட்டுக்கொண்டு 1930 ஆகஸ்ட் 29 அன்று வெளியேறினார்கள். அந்த ஊர் அத்தோடு முடிந்தது. தனுஷ்கோடி அப்படியல்ல, மீனவர்கள் திரும்பி வந்துவிட்டார்கள். ரேஷன், ஆஸ்பத்திரி எதற்கும் ராமேஸ்வரம் போக வேண்டும். 2017-இல் அரிச்சல்முனைக்குத் தார்ச்சாலை வரும்வரை மணலில்தான் பயணம். இன்றும் குடிசை போட்டு வாழ்கிறார்கள். அவர்கள் பிள்ளைகளும் அரசுப் பள்ளியில் படிக்கிறார்கள். அந்தப் பிள்ளைகளின் காதுபட "பேய் நகரம்" என்று நம் மாணவர்களுக்குச் சொல்வது எனக்குச் சரியாகப் படவில்லை.

சரி, எதைக் காட்டலாம்? முதலில் தேவாலயச் சுவர். மேலே ஏறாமல் கிட்டப்போய்ப் பார்க்கச் சொல்லுங்கள். அது செங்கல் அல்ல, முருகைக்கல்; பவளப்பாறையை வெட்டியெடுத்தது. கல்லில் சிறு துளைகள் தெரியும், ஒவ்வொன்றும் ஓர் உயிர் இருந்த வீடு. இன்று பவளம் வெட்டுவது சட்டப்படி குற்றம். ஆக, பெயர்ந்து விழும் ஒரு கல்லுக்கு மாற்றுக் கல் கிடையாது. "நினைவுக்கு ஒரு துண்டு" என்று பையில் போட்டுக்கொள்ளும் கைகளைக் கொஞ்சம் கவனித்துக்கொள்ளுங்கள்!

பிறகு இரண்டு கடல்களையும் காட்டுங்கள். அமைதியான பாக் நீரிணைப் பக்கம் பெண்கடல், அலையடிக்கும் மன்னார் வளைகுடாப் பக்கம் ஆண்கடல். இது மீனவர்கள் வைத்த பெயர்.

எனக்கு மிகவும் பிடித்தது ஊற்று. இருபுறமும் உப்புக்கடல், நடுவே மணலைக் கையால் தோண்டினால் குடிக்கிற தண்ணீர் சுரக்கிறது. ஜம்புகேஸ்வரர் கருவறையில் கசியும் நீரைப் பார்த்து வளர்ந்த நம் பிள்ளைகள், "இது எப்படி சார்?" என்று கேட்காமல் இருக்க மாட்டார்கள். இங்கே காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்திருக்கின்றன. அங்கே ஆறே இல்லை. மணலுக்குள் இறங்கிய மழைநீர், அடர்த்தி கூடிய உப்புநீரின்மேல் மிதந்து நிற்கிறது. கிளம்புவதற்கு முதல்நாள் வகுப்பிலேயே செய்து காட்டிவிடலாம். ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு உப்புநீர். அதன்மேல் மை கலந்த நல்லநீரைக் கரண்டி வழியே மெதுவாக விடுங்கள். இரண்டும் கலக்காமல் தனித்தனியே நிற்கும்.