சுரங்களை அச்சேற்றுதல்

வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கைகளுள் மாலை வேளையில் நடந்து செல்வோர், ஏதேனும் ஒரு வீட்டிலிருந்து சுருதிப் பெட்டியின் ஒலியையும் அதனோடு இயைந்த பிள்ளைகளின் குரலையும் கேட்பது வழக்கம். சரளி வரிசையில் தொடங்கி, ஜண்டை, அலங்காரம், கீதம், வருணம் என்று பாடம் வளர்கின்றது. பிள்ளைகளின் முன்னே விரிந்திருப்பது பெரும்பாலும் ஒரு கொப்பி. ஆசிரியை தம் குருவிடம் எழுதிக் கொண்டதை மாணவர் பார்த்தெழுதிக் கொள்வர். அவர்களிடமிருந்து அடுத்த தலைமுறை எழுதிக் கொள்ளும். நம்மவரின் இசைச் செல்வத்தில் பெரும்பகுதி இவ்வாறு கையெழுத்துக் கொப்பிகளிலேயே வாழ்ந்து வருகின்றது.

கொப்பியில் வாழும் செல்வத்துக்கு ஓர் ஆபத்து உண்டு. அதற்கு ஒரே ஒரு படிதான் இருக்கும். கறையான் அரிக்கலாம், மழை நனைக்கலாம், நெருப்பும் தீண்டலாம். 1981ஆம் ஆண்டு மே மாத இறுதியிலும் யூன் முதல் நாளிலுமாக யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்கள் சாம்பலாயின. அவற்றுள் அச்சிட்ட நூல்களுக்கு உலகில் வேறெங்கேனும் மறுபடி கிடைக்கும் என்னும் நம்பிக்கையாவது இருந்தது. ஏட்டுச் சுவடிகளுக்கு அந்த நம்பிக்கையும் இல்லை. 1983ஆம் ஆண்டு யூலை மாதத்தில் கொழும்பில் தமிழர் இல்லங்கள் எரிந்தபோதும் இதே நியாயமே நின்றது. ஒரு வீட்டிலே எரிந்த அச்சுப் புத்தகத்தை மீண்டும் வாங்கலாம். எரிந்த பாட்டுக் கொப்பியை யாரிடம் வாங்குவது? ஆகவே, இசையை அச்சேற்றுவது எவ்வாறு என்னும் கேள்வி அச்சுக்கூடத்தாருக்கு மட்டும் உரியதன்று. இசை பயிலும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் உரிய கேள்வி அது.

பாட்டின் சொற்களை அச்சிடுவது எளிது. இசையை அச்சிடுவது அத்துணை எளிதன்று. அதனாலேயே நம் பாட்டுப் புத்தகங்களுட் பல, சொற்களை மட்டும் தந்து, தலைப்பிலே இராகத்தின் பெயரையும் தாளத்தின் பெயரையும் குறித்து அமைகின்றன. தேவாரப் பதிப்புக்களிற் பண்ணின் பெயர் இருக்கும். கொட்டாஞ்சேனையிலே, சேர் பொன்னம்பலம் இராமநாதன் கருங்கல்லால் எடுப்பித்த பொன்னம்பலவாணேசர் ஆலயத்தில் ஓதுவார் பாடுவதைக் கேட்டறியாத ஒருவர், பண்ணின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு அப்பதிகத்தைப் பாடிவிட இயலாது. கிறிஸ்தவக் கீர்த்தனைப் புத்தகங்களின் நிலையும் இதுவே. மேலே இராகமும் தாளமும் இருக்கும். இசையோ கேள்வி வழியாகவே வந்து சேரவேண்டும். பெயர் வழிகாட்டும், ஆயினும் வழியை நடந்து காட்டுவது சுரக்குறிப்பே.

மேனாட்டார் இச்சிக்கலை அச்சுக்கலையின் தொடக்கத்திலேயே எதிர்கொண்டனர். அவர்களுடைய இசைக்குறிப்பு ஐந்து கோடுகளின்மேல் அமைவது. கோடு படுக்கையாக ஓடும்; குறிகள் அதன்மேல் ஏறியும் இறங்கியும் நிற்கும்; கீழே பாட்டின் அசைகள் வரும். வெனிசு நகரில் பெத்ரூச்சி என்பார் 1501இல் வெளியிட்ட நூலிலே, ஒரே தாளைப் பலமுறை அச்சுக்குக் கொடுத்துக் கோடுகளை ஒருமுறையும் குறிகளை மற்றொரு முறையும் பதித்தார். வேலை அழகாயிற்று, ஆனால் தாள் ஒரு மயிரிழை விலகினும் குறி வேறு கோட்டிலே போய் உட்கார்ந்து, வேறு சுரமாகிவிடும். 1528 அளவில் பாரிசில் அத்தேஞ்ஞான் என்பார், ஒவ்வோர் ஈய எழுத்திலும் குறியையும் அதற்குரிய சிறு கோட்டுத் துண்டுகளையும் சேர்த்தே வார்த்து, ஒரே பதிப்பில் அச்சிட்டார். செலவு குறைந்தது, ஆயினும் துண்டுக்கும் துண்டுக்கும் இடையே கோடு விட்டுவிட்டுத் தெரிந்தது. பின்னர் உலோகத் தகட்டிலே குறிகளை இடம் வலமாக மாற்றி உளியாலும் முத்திரையாலும் செதுக்கும் முறை பரவிற்று. மிக அண்மைக் காலம் வரை மேனாட்டின் சிறந்த இசைப் பதிப்புக்கள் அவ்வாறே உருவாயின.

நம் நாட்டுக் குறிப்பு முறை வேறு. அது கோடு கொண்டதன்று, எழுத்துக் கொண்டது. ச, ரி, க, ம, ப, த, நி என்னும் ஏழு எழுத்தும் எந்த அச்சுக்கூடத்துப் பெட்டியிலும் உள்ளவை. குறில் ஓர் அட்சர காலம், நெடில் இரண்டு. நீட்சிக்கு ஒரு காற்புள்ளி இட்டால் ஓர் அட்சரம். அரைப்புள்ளி இட்டால் இரண்டு. தாளத்தின் அங்கம் முடியுமிடத்தில் ஒரு செங்குத்துக் கோடு. ஆவர்த்தம் முடியுமிடத்தில் இரண்டு. ஆதி தாளமாயின் நான்கு, இரண்டு, இரண்டு என எட்டு அட்சரங்கள் இவ்வாறு பகுக்கப்படும். வேகம் இரட்டிக்குமிடத்தில் எழுத்துக்களின் மேலோ கீழோ ஒரு படுக்கைக் கோடு வரும். இவ்வளவையும் பார்க்கும் ஒருவர், இதனை அச்சிடுவதில் என்ன அருமை என்று கேட்கலாம்.

அருமை மூன்று இடங்களில் உள்ளது.

முதலாவது, புள்ளி. வலிவு நிலையிலுள்ள சுரத்துக்கு எழுத்தின் மேலே புள்ளியும், மெலிவு நிலையிலுள்ள சுரத்துக்குக் கீழே புள்ளியும் இடுவது மரபு. தமிழிலோ மேலே இடும் புள்ளி ஏற்கெனவே வேறு தொழிலைச் செய்கின்றது. அது மெய்யெழுத்தைக் காட்டும் புள்ளி. வலிவு நிலைச் சகரத்தின் மேல் புள்ளி வைத்தால், அறியாதவர் கண்ணுக்கு அது ‘ச்’ என்றே தோன்றும். தெலுங்குக்கு இவ்விடர் இல்லை. ரி, நி என்பவற்றிலோ மேலிடத்தை இகர விசிறி ஏற்கெனவே பிடித்துக்கொண்டிருக்கும். புள்ளிக்கு இடம் தேடவேண்டும். சுரவரியில் மெய்யெழுத்துக்கு வேலையில்லை என்பதை அறிந்த மாணவர் மயங்கார். ஆனால் அச்சுக்கோப்போரும் பிழை திருத்துவோரும் இசை அறிந்தவராய் இருத்தல் அரிது. அவர்கள் பிழையெனக் கருதி ஒரு புள்ளியை நீக்கினால், ஒரு சுரம் ஒரு தாயி கீழே விழுந்துவிடும்.

இரண்டாவது, நிரல். சுரவரியின் கீழே சாகித்திய வரி வரும். எந்த அசை எந்தச் சுரத்திலே தொடங்குகின்றது என்பது, அவ்வசை அச்சுரத்தின் நேர்கீழே நிற்பதாலேயே விளங்கும். தமிழெழுத்துக்களோ ஒரே அகலம் உடையன அல்ல. ‘ப’ ஒடுங்கியது, ‘நீ’ அகன்றது, சாகித்தியத்தில் வரும் ‘ணை’, ‘யோ’ முதலியன மேலும் அகன்றவை. ஈய எழுத்துக் காலத்தில் அச்சுக்கோப்பவர் ஒவ்வொரு சுரத்துக்கும் இடைவெளிக் கட்டைகளைப் பொறுமையாகச் செருகி, மேல்வரியையும் கீழ்வரியையும் நேர்ப்படுத்த வேண்டியிருந்தது. சாதாரண உரைநடையில் ஒரு வரி கோக்கும் நேரத்தில் இங்கே சில எழுத்துக்களே நகரும்.

மூன்றாவது, கமகம். சுரத்தை அசைத்தும் வழுக்கியும் பாடும் நயமே நம் இசையின் உயிர். ‘க’ என்ற ஓரெழுத்து தோடியில் ஒருவகையாகவும் சங்கராபரணத்தில் வேறுவகையாகவும் ஒலிக்கும். அதனை எழுத்து மட்டும் காட்டாது.

இம்மூன்று அருமைகளையும் நேர்நின்று எதிர்த்தவர்கள் உண்டு. சென்னையிலே ஆ. மு. சின்னசாமி முதலியார் நம் கீர்த்தனைகளை மேனாட்டு ஐங்கோட்டுக் குறிப்பிலே பதித்து 1893 அளவில் வெளியிட்டார். உலகத்தார் யாவரும் படித்தறியக்கூடிய ஒரு குறிப்பில் நம் இசை நிற்கவேண்டும் என்பது அவர் நோக்கம். அவருடைய தூண்டுதலும் எட்டயபுரத்து அரசரின் ஆதரவும் சேர, முத்துசாமி தீட்சிதர் மரபில் வந்த சுப்பராம தீட்சிதர் ‘சங்கீத சம்பிரதாயப் பிரதர்சினி’ என்னும் பெருநூலை 1904இல் எட்டயபுரத்திலேயே அச்சிட்டு வெளியிட்டார். தெலுங்கு எழுத்தில் அமைந்த அந்நூலில், கமகத்தின் ஒவ்வொரு வகைக்கும் தனித்தனிக் குறி வகுத்துச் சுரங்களின்மேல் பதித்தார்கள். பெருநகரங்களுக்குத் தொலைவான ஒரு சிற்றூரில், எந்தப் பெட்டியிலும் இல்லாத குறிகளைக் கொண்டு ஆயிரத்துக்கு மேற்பட்ட பக்கங்களை அச்சேற்றியது சிறிய செயலன்று. இன்று தீட்சிதர் கீர்த்தனைகளின் பாடம் பற்றி ஐயம் எழுந்தால் வித்துவான்கள் புரட்டிப் பார்ப்பது அந்நூலையே. பின்னாளில் சென்னை மியூசிக் அகாடமி அதனைத் தமிழெழுத்திலும் கொணர்ந்தது.

தஞ்சையில் ஆபிரகாம் பண்டிதர் ‘கருணாமிர்த சாகர’த்தை 1917இல் வெளியிட்டதற்கு, அவர் தமக்கென்று ஓர் அச்சுக்கூடமே வைத்திருந்தது பெருந்துணையாயிற்று. ஈழத்தவராகிய சுவாமி விபுலாநந்தர், இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகக் கொழும்பில் விளங்கியவர், தம் ‘யாழ்நூ’லிலே பண்டைய நரம்புகளின் அளவைகளைக் கணக்குகளாகவும் அட்டவணைகளாகவும் தந்தார். கரந்தைத் தமிழ்ச் சங்கத்தின் வெளியீடாக அந்நூல் 1947 யூன் மாதத்தில் அரங்கேறிற்று. அடுத்த மாதமே அவர் மறைந்தார். நூல் அச்சேறாது நின்றிருப்பின் அவ்வாராய்ச்சி எந்நிலை எய்தியிருக்கும் என்பதை எண்ணிப் பார்ப்பது நன்று.

அரசாங்கமும் இசையை அச்சிட வேண்டிய ஒரு தருணம் இந்நாட்டில் வந்தது. ஆனந்த சமரக்கோன் 1940இல் இயற்றி இசையமைத்த பாடல் 1951இல் தேசிய கீதமாக ஏற்கப்பட்டது. அதனைப் புலவர் மு. நல்லதம்பி தமிழாக்கினார். 1978ஆம் ஆண்டின் அரசியலமைப்பு, அதன் 7ஆம் உறுப்புரையிலே, கீதத்தின் சொற்களும் இசையும் மூன்றாம் அட்டவணையிற் காட்டப்பட்டவாறு அமையும் என விதித்தது. சட்டத்தின் உறுப்புரைகளுக்குப் பின்னே இசையும் ஓர் ஆவணமாக இடம்பெற்றது. அரசியலமைப்பின் தமிழ் வடிவத்திலே கீதத்தின் தமிழ்ச் சொற்களும் உள்ளன. சொல் இரண்டு மொழியாயினும் இசை ஒன்றே. அத்தமிழ்ச் சொற்கள் 2016 பெப்ரவரி 4ஆம் நாள் காலிமுகத்திடலில் நடந்த சுதந்திர தின விழாவிலே பாடப்பட்டபோது, பல்லாண்டுகள் அவ்விழாவில் ஒலியாதிருந்த சொற்கள் மீண்டும் ஒலித்தன. மேடையில் ஒலியாத ஆண்டுகளிலும் அவை அச்சிலே நின்றன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

இன்று ஈய எழுத்து மறைந்துவிட்டது. கணினியே அச்சுக்கூடமாயிற்று. ஆயினும் பழைய மூன்று அருமைகளும் வேறு உருவில் தொடர்கின்றன. புத்தகம் தொகுப்போர் பலர், இசைக்குறிப்பைத் தாளில் எழுதிப் படம் பிடித்து, அப்படத்தைப் பக்கத்தில் ஒட்டிவிடுகின்றனர். இது விரைவான வழி, நல்ல வழியன்று. படத்தைப் பெருப்பித்தால் மங்கும். சிறுப்பித்தால் புள்ளிகள் மறையும். ஒரு சுரம் பிழையாயின் படம் முழுவதையும் மீண்டும் எழுதவேண்டும்.

ஐங்கோட்டுக் குறிப்பு வேண்டுவோர்க்கு இதனினும் சிறந்த வழி உண்டு. 1996 முதல் வளர்ந்துவரும் ‘லிலிபாண்ட்’ போன்ற இலவச மென்பொருள்களில், சுரங்களைச் சாதாரண எழுத்துக்களாலேயே தட்டெழுத வேண்டும். கோடுகளையும் குறிகளையும் கணினியே வரைந்து, உரைநடைக்கு நடுவே உரிய அளவில் வைத்துத் தரும். பிழை கண்டால் ஓரெழுத்தை மாற்றினாற் போதும். பக்கம் தானே திருந்திவிடும்.

நம் சுரக்குறிப்புக்கு உரிய வழி மேலும் எளியது. இடைவெளி விசையைத் தட்டித்தட்டி நிரல் பிடிப்பதை விட்டு, ஓர் அட்டவணை வகுத்தல் வேண்டும். ஓர் அட்சரத்துக்கு ஒரு கட்டம். மேல் நிரையிலே சுரம். கீழ் நிரையிலே சாகித்தியம். எழுத்தளவை மாற்றினாலும், வேறு கணினிக்குக் கொண்டு சென்றாலும், அசை தன் சுரத்தை விட்டு நகராது. வலிவு நிலைப் புள்ளிக்கு மெய்யெழுத்துப் புள்ளியைத் தட்டெழுதுதல் கூடாது. அப்படிச் செய்தால் கணினி அதனை மெய்யெழுத்தாகவே கருதும். பின்னர்த் தேடுவதும் திருத்துவதும் குழப்பமாகும். மேற்புள்ளிக்கும் கீழ்ப்புள்ளிக்கும் தனிக்குறிகள் உண்டு. அவை எல்லாத் தமிழ் எழுத்துருக்களிலும் செவ்வையாக அமைவதில்லையாதலின், பயன்படுத்துமுன் ஒரு பக்கம் அச்சிட்டுச் சரிபார்த்துக் கொள்ளுதல் நலம். நூலின் முதற்பக்கத்திலே குறிவிளக்கம் ஒன்று தருதல் இன்றியமையாதது. புள்ளி, காற்புள்ளி, கோடு ஆகியவற்றின் பொருளை ஐந்தாறு வரிகளில் சொல்லிவிட்டால், ஆசிரியர் அருகில் இல்லாத மாணவரும் படித்துக்கொள்வர்.

ஒலிப்பதிவுகள் மலிந்த இக்காலத்தில் இவ்வளவு தொல்லை எதற்கு என்று கேட்போர் உளர். ஒலிப்பதிவு ஒருவர் ஒருநாள் பாடியதைத் தரும். அதிலே கமகத்தின் நயம் முழுவதும் இருக்கும். சுரக்குறிப்போ பாட்டின் எலும்புக்கூட்டைத் தரும். எங்கே எந்த அசை நிற்கின்றது, எங்கே தாளம் முடிகின்றது என்பதைக் கண்ணுக்குக் காட்டும். ஒன்று மற்றொன்றின் இடத்தைப் பிடிக்க இயலாது. 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபையின் தேர்வுகளுக்கு ஆயத்தம் செய்யும் மாணவர் இதனை நன்கு உணர்வர். ரொறன்ரோவிலும் இலண்டனிலும் பிறந்து, பேத்தியார் பாடிய பாட்டைக் கற்க விரும்பும் பிள்ளைகளுக்கும் செவிக்கு ஒலியும் கண்ணுக்கு ஏடும் வேண்டியிருக்கின்றன.

வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இன்னும் எத்தனையோ அலுமாரிகளில் பழைய பாட்டுக் கொப்பிகள் உறங்குகின்றன. அட்டை கிழிந்தும் மை மங்கியும் கிடக்கும் அவற்றுள், வேறெங்கும் எழுதப்படாத ஒரு பாடம் இருத்தல் கூடும். அதனைப் பாடியவர் இன்னும் உயிரோடிருக்கையில், ஐயமான இடங்களை அவரிடம் கேட்டறிந்து, நாளைக்கு ஒரு பக்கமாக அட்டவணையிற் பெயர்த்தெழுதினால், ஓராண்டில் ஒரு நூல் உருவாகும். அதனை நூறு படி அச்சிட்டு நூறு வீடுகளுக்குக் கொடுத்தால், பின்னர் எந்த ஒரு வீட்டு நெருப்பும் அப்பாட்டை அழித்துவிட இயலாது.