சேற்றுப் பந்தி



மாசி மாதக் கடைசி. கும்மிடிப்பூண்டி போகும் அதிகாலை மின்சார ரயில் நம் கொருக்குப்பேட்டையைத் தாண்டும்போது வெளியே இன்னும் இருட்டு. திருவொற்றியூர், எண்ணூர், மீஞ்சூர் என்று நின்று நின்று பொன்னேரி வருகிறது. அங்கே இறங்கி பஸ் பிடித்தால் பழவேற்காடு. இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சில்காவுக்கு அடுத்த பெரிய ஏரி. அதன் தமிழ்நாட்டுப் பகுதி 1980-ல் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. பரப்பு 153 சதுர கிலோமீட்டருக்கும் அதிகம்.

கரையோரம் நடக்கத் தொடங்குபவரை முதலில் வரவேற்பது பறவை அல்ல, சேற்று வாடை! ஐப்பசி, கார்த்திகை மழையில் ததும்பிய தண்ணீர் வடிந்து, மாசியில் ஓரமெல்லாம் சேறாகக் கிடக்கிறது. வெளியூர்க்காரர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு முகம் சுளிப்பார். அந்தச் சேற்றில்தான் பெரும் பந்தி நடக்கிறது.

முதல் வரிசையில் கொசு உள்ளான். பெயருக்கேற்ற உருவம், எடை முப்பது கிராம்கூடத் தேறாது. பிறந்த ஊரோ ஆர்க்டிக் பனிவெளி. நீர் விளிம்பில் குடுகுடுவென்று ஓடி, தையல் இயந்திரத்து ஊசிபோல் சேற்றைக் குத்திக் குத்திப் பொடிப்புழுக்களை எடுக்கிறது. மூக்கு குட்டை என்பதால் அதற்கு மேல்சேறு மட்டும். நீண்ட மூக்குள்ள கரைப்பறவைகளுக்கு அடிச்சேறு. ஒருவர் இலையில் மற்றவர் கைவைப்பதில்லை.

முழங்கால் ஆழத்தில் பூநாரைக் கூட்டம். தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாக வைத்து உண்ணும் பறவை அது. நாக்கு பம்பு மாதிரி தண்ணீரை இழுத்து வெளியே தள்ள, அலகின் ஓரத்துச் சல்லடையில் நுண்ணுயிர்களும் பாசியும் தங்குகின்றன. இறகின் சிவப்பு அந்தச் சாப்பாட்டிலிருந்து வருவது. கூட்டத்தில் சாம்பல் நிறத்தில் நிற்பவை வேறு இனமல்ல. இன்னும் சிவக்காத இளசுகள்.

அப்பால் கூழைக்கடாக்கள் வரிசைகட்டி மீனை வளைக்கின்றன. ஆந்திரப் பக்கம் நேலபட்டில் கூடு கட்டும் கூழைக்கடாக்களுக்கும் இந்த ஏரிதான் இரைக்களம்.

அதே பந்தியில் மனிதரும் உண்டு. பனையோலைப் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, மார்பளவு தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் துழாவி இறால் பிடிக்கிறார்கள் இருளர் மக்கள். வலை கிடையாது, தூண்டில் கிடையாது. விரல் நுனிதான் கண்.

இது பறவை பார்ப்பவர்களின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று காசிமேட்டுக் கடலோடிகள் கேட்கலாம். வெள்ளை இறால் முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாகக் கழிக்குள் நுழைந்து, ஆழமில்லாத சேற்றுத் தண்ணீரில் வளர்ந்து, பிறகு கடலுக்குத் திரும்புகின்றன. ஏலக்கூடைக்கு வரும் இறால் சின்ன வயதில் சேற்றில் தவழ்ந்த பிள்ளை!

பழவேற்காட்டையும் எண்ணூரையும் பக்கிங்காம் கால்வாய் இணைக்கிறது. எண்ணூர்க் கழியிலும் இதே சேறு, இதே கூழைக்கடா. ஆனால் அங்கே அனல்மின் நிலையச் சாம்பல் படிந்தது. 2017 ஜனவரி 28 அன்று காமராஜர் துறைமுகத்துக்கு வெளியே இரண்டு கப்பல்கள் மோதியபோது, கரையொதுங்கிய எண்ணெயை வாளியில் அள்ளினார்கள். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு மணலிப் பக்கமிருந்து எண்ணெய் கழிக்குள் இறங்கியது. வெளுத்த கூழைக்கடாக்கள் கறுத்து நின்றன. எண்ணெய் ஒட்டிய இறகு தண்ணீரைத் தடுக்காது. பறவை நனையும், நடுங்கும், பறக்கத் திணறும். படகுகளும் வலைகளும் அதே எண்ணெயில்தான் கறுத்தன.

பழவேற்காட்டைச் சரணாலயம் என்று பலகை வைத்துக் காக்கிறோம். எண்ணூரைத் தொழிற்பேட்டைக்குப் பின்வாசல் என்று நினைக்கிறோம். இறால் குஞ்சுக்கு அந்தப் பலகையைப் படிக்கத் தெரியாது.

சித்திரை வெயில் ஏறினால் கொசு உள்ளான் வடக்கே கிளம்பிவிடும். அதற்குள் ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பழவேற்காடு போய் வாருங்கள். திரும்பும்போது எண்ணூரில் இறங்கி, கழியோரச் சேற்றில் எத்தனை மூக்குகள் குத்திக்கொண்டிருக்கின்றன என்று பிள்ளைகளை எண்ணச் சொல்லுங்கள். அந்தக் கணக்கை அடுத்த கூட்டத்தில் இதே மேடையில் வந்து அவர்களே சொல்லட்டும்.